தராசில் எண்ணப்படும் அணுக்கள்

வீட்டுக்கு வரும்போது கேஸ் சிலிண்டருக்குள் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து அது வெறும் இரும்புக் கூடாகத் திரும்பிப் போகிறது. உள்ளே இருந்தது எங்கே போயிற்று? எரிந்துபோயிற்று என்பது எல்லோரும் சொல்லும் விடை. பிளஸ் டூவில் வேதியியல் படித்த மாணவர் இன்னும் ஒரு படி மேலே போய், கரியமில வாயுவும் நீரும் உண்டாகின்றன என்று சமன்பாட்டையே எழுதிக் காட்டுவார். அந்த ஒரு சிலிண்டரால் காற்றில் எத்தனை கிலோ கரியமில வாயு சேர்ந்தது என்று அவரிடமே கேட்டால் பேனா சற்று நின்றுவிடக்கூடும். 14.2 கிலோவைத் தாண்டாது என்றுதான் மனம் முதலில் சொல்லும். உண்மையில் ஏறக்குறைய 43 கிலோ. அது போக 22 கிலோ நீரும் ஆவியாகப் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தேவையானதெல்லாம் 11ஆம் வகுப்பு வேதியியலின் தொடக்கப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடம் எப்படிப் படிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் கல்லூரி வேதியியல் நிற்கும் அல்லது சரியும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தராசால் எண்ணுவதும், எண்ணியதை மனக்கண்ணில் பார்ப்பதும் கைவந்தால் மற்றவை அதன்மேல் ஏறி நிற்கும். அது வராமல் மனப்பாடம் செய்த ஆயிரம் வினைகளும் முதலாண்டுக்குள்ளேயே உதிர்ந்துவிடும்.

சிலிண்டர் கணக்கையே முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். சமையல் எரிவாயு பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. வசதிக்காக முழுவதும் பியூட்டேன் என்று கொள்வோம், விடை பெரிதாக மாறாது. பியூட்டேன் மூலக்கூறு ஒன்றில் 4 கார்பன் அணுக்களும் 10 ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் கார்பன் அணுவின் எடை 12, ஆக்சிஜன் அணுவின் எடை 16. ஆக, பியூட்டேன் மூலக்கூறின் எடை 58. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு 44 எடையுள்ள கரியமில வாயு மூலக்கூறாகிறது. நான்குக்கும் சேர்த்து 176. பத்து ஹைட்ரஜன் அணுக்கள் 5 நீர் மூலக்கூறுகளாகின்றன. ஒவ்வொன்றும் 18, மொத்தம் 90. எனவே 58 கிலோ பியூட்டேன் எரிந்தால் 176 கிலோ கரியமில வாயுவும் 90 கிலோ நீரும் வர வேண்டும். அதே விகிதத்தில் 14.2 கிலோவுக்கு 43 கிலோவும் 22 கிலோவும். இரண்டையும் கூட்டினால் 65 கிலோ. கூடுதலாக வந்த 51 கிலோ எங்கிருந்து? சுற்றியிருந்த காற்றிலிருந்து. ஒன்றரை மாதத்தில் அந்த அடுப்பு சத்தமில்லாமல் 51 கிலோ ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு கணிதம் இல்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது: சமன்பாட்டில் வரும் எண்கள் எடையைச் சொல்பவை அல்ல, தலைகளின் எண்ணிக்கையைச் சொல்பவை என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்து, எண்ணிக்கையிலிருந்து எடைக்கும் எடையிலிருந்து எண்ணிக்கைக்கும் போய்வர வேண்டும்.

இந்தப் போக்குவரத்து நமக்குப் புதிதல்ல. இரும்புக்கடையில் ஆணி கேட்டால் யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. கிலோ கணக்கில்தான் கொடுக்கிறார்கள். ஒரு ஆணியின் எடை தெரிந்தால், ஒரு கிலோவில் எத்தனை ஆணி என்பது எண்ணாமலே தெரிந்துவிடும். பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் குன்றிமணியையும் மஞ்சாடியையும் எடைக்கற்களாக வைத்திருந்தார்கள். விதைகள் ஏறக்குறைய ஒரே எடை கொண்டவை என்பதால், எத்தனை விதை என்று எண்ணியே பொன்னின் எடையைச் சொல்ல முடிந்தது. அவர்கள் எண்ணி எடை கண்டார்கள். வேதியியலார் எடை போட்டு எண்ணிக்கை காண்கிறார்கள். மோல் என்ற அலகு இதற்குத்தான் பிறந்தது. ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் உலக அளவீட்டு முறையில் இந்த எண் இப்படியே நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 18 கிராம் தண்ணீர், அதாவது மூன்றரைத் தேக்கரண்டி, ஏறத்தாழ ஒரு மோல். எண்ணின் பிரம்மாண்டத்தைக் கண்டு மாணவர்கள் மலைத்துப்போகிறார்கள். அதை மனப்பாடம் செய்வதே பாடம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மேலே போட்ட சிலிண்டர் கணக்கில் அந்த எண் ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை அணுக்களின் ஒப்பீட்டு எடைகள் மட்டும்தான். அவை எப்படிக் கிடைத்தன என்ற கேள்வியைப் பாடப்புத்தகம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. வேதியியலின் உயிர்நாடியோ அங்கேதான் இருக்கிறது.

ஜான் டால்டன் 1808இல் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டபோது ஒரு முட்டுக்கட்டை அதிலேயே இருந்தது. தண்ணீரைப் பிரித்தால் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. இது தராசு சொல்வது. ஆனால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல் எத்தனை மடங்கு கனமானது என்று கேட்டால் தராசு வாய்திறக்காது. தண்ணீரில் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்திருந்தால் 8 மடங்கு. இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றால் 16 மடங்கு. எளிமையே சரியாக இருக்கும் என்று நம்பி டால்டன் ஒன்றுக்கு ஒன்று என்றார். 1811இல் அவகாட்ரோ வழிகாட்டினார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரே கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. அப்படியானால் ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரே வகை அணுக்கள் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று அக்காலத்துப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டு குழப்பத்தில் கழிந்தது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே, அன்று புழக்கத்திலிருந்த 19 வெவ்வேறு வாய்பாடுகளை வேதியியலார் கெக்குலே தம் பாடநூலில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலார் கூடினார்கள். அங்கும் முடிவு எட்டப்படவில்லை. ஆனால் கலைந்து போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு நூல் கொடுக்கப்பட்டது. இத்தாலியரான ஸ்தனிஸ்லாவோ கன்னிஸ்ஸாரோ 1858இல் வெளியிட்டது அது. ஜெனோவாவில் தம் மாணவர்களுக்கு அவர் நடத்திய தொடக்கப் பாடத்தின் சுருக்கம்.

அந்தச் சுருக்கத்தில் இருந்த தர்க்கத்தை இன்றைக்கும் ஒரு பதினேழு வயது மாணவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பின்தொடரலாம். அவகாட்ரோ சொன்னதை ஒப்புக்கொண்டால், ஒரே கன அளவு வாயுக்களை எடை போடுவது மூலக்கூறுகளையே எடை போடுவதாகிவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறை 2 என்று வைத்துக்கொண்டால் நீராவி 18 வருகிறது. பிரித்துப் பார்த்தால் அதில் ஆக்சிஜன் 16. கார்பன் மோனாக்சைடு 28. அதில் ஆக்சிஜன் 16. கரியமில வாயு 44, அதில் 32. கந்தக டைஆக்சைடு 64, அதிலும் 32. எத்தனை சேர்மங்களை எடுத்தாலும் ஆக்சிஜனின் பங்கு 16, 32, 48 என்றுதான் வருகிறது; 8 என்று எங்கும் வருவதில்லை. அணு என்பது பாதியாக வராத ஒன்று என்றால், ஆக்சிஜன் அணுவின் எடை 16. இந்தச் சான்றுகளுக்கு மிக எளிதாகப் பொருந்தும் எண் அதுதான். கூட்டத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் இதைப் படித்த வேதியியலார் லோதர் மேயர், கண்ணை மறைத்திருந்த படலம் விலகியதுபோல் உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த 26 வயது மெண்டலீவ், ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தம் கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல் எழுதும்போது தனிமங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று யோசித்துத் தனிம வரிசை அட்டவணைக்கு வந்து சேர்ந்தார். சரியான அணு எடைகள் கையில் இல்லாமல் அந்த அட்டவணை சாத்தியமே இல்லை. வேதியியலை ஒழுங்குபடுத்திய இரண்டு பெரிய அடிகளும் தொடக்கநிலை மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கவலையிலிருந்து பிறந்தவை. தொடக்க வேதியியலை உயர்ந்த பாடத்துக்கு முந்தைய சின்ன வேலை என்று கருதுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தலைசிறந்த மூளைகள் ஐம்பது ஆண்டுகள் தடுமாறிய இடத்தை நம் வகுப்பறை இரண்டு பக்கத்தில் தாண்டிவிடுகிறது. தாண்டிய பிறகு மாணவர் மனத்தில் என்ன நிற்கிறது என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நர்ரன்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, கூர்மையானது. கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் வாயு விதிகளில் வழக்கமான கணக்கு ஒன்றும், அதே கருத்தில் படக் கேள்வி ஒன்றும் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் வாயு நிரம்பிய உருளையில் மூலக்கூறுகள் புள்ளிகளாகக் காட்டப்பட்டிருக்கும். வாயுவைக் குளிர்வித்தால், அது வாயுவாகவே இருக்கும் அளவுக்குத்தான், புள்ளிகள் எப்படி இருக்கும்? முன்போலவே எங்கும் பரவியிருக்கும் என்பது விடை. கணக்கைச் சரியாகப் போட்ட பலர் படத்தில் தவறினார்கள். சூத்திரம் கை வழியாகவே ஓடிப்போயிருக்கிறது. உருளைக்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பு அதற்குத் தேவைப்படவில்லை. நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று பதில் சொன்னவர்களில் மேல் வகுப்புப் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். ஒன்றும் படிக்காத சிறு பிள்ளைக்கு இந்தப் பதில் தோன்றவே தோன்றாது. எச்-டூ-ஓ என்ற வாய்பாட்டைக் கற்றவருக்குத்தான் இந்தப் பிழை வரும். அறியாமையை நீக்க வந்த குறியீடு, அதற்குப் பின்னால் துகள் இல்லாததால், புதிய பிழையை உண்டாக்கிவிட்டது. குமிழிக்குள் இருப்பது நீராவிதான். அந்த மூன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர் ஆவியானால் 30 லிட்டர் இடத்தை அடைக்கும். மூலக்கூறுகள் உடையவில்லை, ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கின்றன, அவ்வளவே.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையது. வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர். கண்ணால் காண்பதும் கையால் தொடுவதும் ஒரு தளம்; அணுக்களும் மூலக்கூறுகளும் இரண்டாவது; குறியீடும் சமன்பாடும் கணக்கும் மூன்றாவது. பழகிய ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்றிலும் தாவி வந்துவிடுவார். தாவியது அவருக்கே தெரியாது. கேட்கும் மாணவரின் மனத்திலோ ஒரு சமயத்தில் சில செய்திகளைத்தான் தாங்க முடியும். ஒரு கேள்விக்குத் தேவையான படிகள் அந்தக் கொள்ளளவைத் தாண்டும்போது தேர்ச்சி படிப்படியாகக் குறைவதில்லை, திடீரெனச் சரிகிறது என்பதையும் அவர் காட்டினார். பாரம் தாங்காத மாணவர் செய்வது இயல்பானதுதான்: மூன்று தளங்களில் தேர்வுக்கு மதிப்பெண் தரும் குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிடுகிறார். சோம்பலால் செய்வதல்ல அது, பிழைக்கும் வழி. கல்லூரியில்தான் அதன் விலை தெரியவரும். சமநிலையில் வினை நின்றுவிடும் என்ற எண்ணம், பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்ற எண்ணம் எல்லாம் இந்த இடைவெளியில் முளைப்பவை. ஒட்டியிருக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம்தான் விசை கொடுக்க வேண்டும், பிணைப்பும் அப்படியே. துகளைப் பார்க்கப் பழகியவருக்கு இது ஒரு நிமிட யோசனை. பழகாதவர் உயிர்வேதியியலில் ஏடிபி மூலக்கூறு வரை அந்தப் பிழையைத் தூக்கிக்கொண்டே போவார்.

இதற்கு முதல் மறுப்பு, மனப்பாடம் இல்லாமல் வேதியியல் உண்டா என்பது. இல்லை, அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இருபது தனிமங்களின் குறியீடு, பழகிய அயனிகளின் பெயரும் மின்சுமையும், முக்கியமான இணைதிறன்கள் இவை பெருக்கல் வாய்ப்பாடுபோல் நாவில் இருக்க வேண்டும். சல்பேட் அயனியின் மின்சுமை என்ன என்று தேடிக்கொண்டிருக்கும் மனத்துக்கு, கரைசலில் என்ன நடக்கிறது என்று யோசிக்க இடம் மிஞ்சாது. ஜான்ஸ்டன் சொன்ன கொள்ளளவுக் கணக்கே மனப்பாடத்துக்குச் சாதகமான வாதம்தான். ஆனால் அந்த வாதம் எழுத்துகளைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறது, கட்டுரையை அல்ல. வினைகளையும் தீர்த்த கணக்குகளின் படிகளையும் உருப்போடுவது வேறு. அவற்றைக் கட்டும் உறுப்புகளை நினைவில் வைப்பது வேறு.

இரண்டாவது மறுப்பு வலுவானது, பெற்றோர்களின் கவலையும் அதுதான். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், வேதியியலுக்கு 45. பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 50 வேதியியலுடையது. நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற ஓட்டத்தில் மூலக்கூறுகளை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முதலில் கல்லூரிக்குள் நுழைய வேண்டாமா? இந்தக் கவலையை அலட்சியப்படுத்துவது நியாயமல்ல. ஒரு மதிப்பெண் ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடிய இடம் இது. ஆயினும் வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பத்து வகைக் கணக்குகளுக்குப் பத்துச் சூத்திரங்கள் வைத்திருப்பவர் ஒவ்வொரு கேள்வியிலும் இது எந்த வகை என்று முதலில் தேட வேண்டும். கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் தேடல் தோற்றுவிடும். எத்தனை துகள், அவற்றின் எடை என்ன என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகிறவருக்கு அந்தப் பத்தும் ஒன்றுதான். தொடக்கத்தில் அவர் மெதுவாகத்தான் போவார். 11ஆம் வகுப்பின் முதல் மாதத்தில் அந்த மெதுவான நடையை அனுமதிக்காமல், சில பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு 12ஆம் வகுப்புக்குத் தாவுகிறார்கள் என்பதுதான் வேதனை. வேகத்தின் பெயரால் வேகத்துக்கான அடித்தளத்தையே எடுத்துவிடுகிறார்கள்.

அணுக்களைக் குண்டுகளாகக் கற்பனை செய்வதே தவறு, கல்லூரிக்குப் போனால் குவாண்டம் இயக்கவியல் வந்து அந்தப் படத்தைக் கலைத்துவிடுமே என்று கேட்பவர்களும் உண்டு. கலைக்கட்டும். ஆக்சிஜன் அணு குண்டா மேகமா என்பது தெரியாமலேதான் கன்னிஸ்ஸாரோ அதன் எடை 16 என்று நிறுவினார்; இன்றைய குவாண்டம் கணக்கும் அந்த எண்ணை மாற்றவில்லை. துகளின் உருவம் பற்றிய படம் மாறிக்கொண்டே போகும். துகள்கள் எண்ணிக்கையில் சேர்கின்றன என்ற உண்மை மாறாது.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இந்த வாதம் இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவராக இருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற தமிழ் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. கார்ல்ஸ்ரூ கூட்டத்துக்குப் பிறகு பதினைந்தே ஆண்டுகள். அன்றிலிருந்து பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் மோல் என்பதை இலங்கையில் மூல் என்கிறார்கள். நம் ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். பெயர் மாறியதால் 16 மாறவில்லை. பாடத்தை வாக்கியங்களாக உருப்போட்டவர் மொழி மாறும்போது கற்றது அனைத்தையும் இழக்கிறார், முதல் பருவத்திலேயே தனக்கு வேதியியல் வராது என்று முடிவுகட்டிவிடுகிறார். துகள்களாகப் பார்க்கப் பழகியவர் சில நூறு சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தமிழில் புரிந்துகொண்டது ஆங்கிலத்தில் வீணாவதில்லை. புரியாமல் எழுதியதுதான் வீணாகிறது.

பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள வாரங்களில் இதைச் சரிசெய்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, சமையல் சோடா, வினிகர், அகன்ற வாயுள்ள ஒரு பாத்திரம் போதும். பாத்திரத்தில் 200 மில்லி வினிகரை ஊற்றி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் 8.4 கிராம் சோடாவை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து எடை குறித்துக்கொள்ள வேண்டும். சமையல் சோடாவின் மூலக்கூற்று எடை 84 என்பதால் கிண்ணத்தில் இருப்பது மோலில் பத்தில் ஒரு பங்கு. வினிகரில் அதைத் தீர்ப்பதற்குப் போதுமான அமிலம் இருக்கிறதா என்பதைப் புட்டியில் எழுதியிருக்கும் சதவீதத்தை வைத்து முதலிலேயே கணக்கிட்டுவிடலாம். 4 சதவீதம் என்றாலும் போதும். ஒரு சோடாவுக்கு ஒரு கரியமில வாயு மூலக்கூறு வெளியேறும், ஆகவே 4.4 கிராம் குறைய வேண்டும். சோடாவைச் சிறிது சிறிதாகக் கொட்டி, நுரை அடங்கியபின் காலிக் கிண்ணத்தோடு மீண்டும் எடை போட்டால் தராசு 4.4 காட்டாது, 4 கிராமுக்கு அருகில், சில சமயம் அதற்கும் குறைவாகவே காட்டும். தவறு தராசில் இல்லை. வாயுவில் கொஞ்சம் திரவத்திலேயே கரைந்து தங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம், காற்றைவிடக் கனமானது என்பதால், பாத்திரத்துக்குள் குளம்போல் தேங்கி நிற்கிறது. பாத்திரத்தை மெல்லச் சுழற்றி, விசிறியால் வீசி, மீண்டும் எடை பார்த்தால் மொத்த எடை இன்னும் சற்று இறங்கியிருக்கும். எவ்வளவு கரைந்தது, எவ்வளவு தேங்கியது என்று அந்தக் குறையைப் பிரித்துச் சொல்ல முயல்கிறவர், கல்லூரியில் வாயுக்களின் கரைதிறன் பற்றிய வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த வகுப்புக்குள் வந்துவிட்டார்.